சிங்காரவேலர்: ஒரு பொறியாளன் போட்ட கணக்கு

மலர்க் குழு நண்பர்கள் போன் பண்ணி, "நம்ம மலருக்கு ஒரு கட்டுரை வேணும், பதினைந்து நாளில் அனுப்பிடு" என்றார்கள். "எதைப் பத்தி எழுதட்டும்?" என்று கேட்டேன். "ஹாஸ்டல், கேன்டீன், தீபத்தன்னைக்கு மலை ஏறினது... ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். அதையெல்லாம் சுவையாக எழுத நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். எனவே அந்தப் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு, நான் வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் நம் கல்லூரி மாணவர் அல்ல, நம் ஊர்க்காரரும் அல்ல. சென்னை அயோத்திக்குப்பத்தில் ஒரு மீனவர் குடும்பத்தில் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி பிறந்து, 1946 பிப்ரவரி 11-ஆம் தேதி மறைந்தவர். தென்னிந்தியாவின் முதல் கம்யூனிஸ்ட் என்று சொல்லப்படுபவர். 'சிந்தனைச் சிற்பி' ம. சிங்காரவேலர்.

"என்னடா இவன், எஞ்சினியரிங் படிச்சிட்டு கட்சி மேடையில ஏறிட்டானா?" என்று யாரும் பயப்பட வேண்டாம். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்ல. பாராட்டு மாலை சூட்டுவதும் என் நோக்கமல்ல. ஒரு பாலத்தைப் பார்த்தால் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த இடத்தில் விரிசல் விடும் என்று பார்க்கத்தானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்தக் கண்ணோடு ஒரு தலைவரின் பலத்தையும் பலவீனத்தையும் பார்க்கலாம் என்றுதான் இந்த முயற்சி. ஏன் இவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பட்டியல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் எல்லோருக்கும் திறன் தேர்வு நடத்த வேண்டுமாம். யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் என்றார்கள். கேள்வித்தாள் தயாரித்தவன் நான். வெர்னியர் அளவு வாசிப்பது, டிராயிங்கில் டாலரன்ஸ் பார்ப்பது, கட்டிங் ஸ்பீடு கணக்கிடுவது... நாம் செமஸ்டரில் எழுதியதுதான். திருத்தி, மார்க் போட்டு, மேலிருந்து கீழாக அடுக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "நீட்டா பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து, அந்தப் பட்டியலின் கடைசியில் இருந்த இருபத்தாறு பேருக்கும் வேலை போய்விட்டது. பயிற்சி என்ற பேச்சே எழவில்லை. அந்த இருபத்தாறு பேரில் ஒருவர் செங்கம் பக்கத்துக்காரர். லேத்தில் பத்தொன்பது வருஷம் நின்றவர். கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "சார், மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே டூல் தேஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க பேப்பர்ல அந்தக் கேள்வி இல்லியே சார்" என்றார். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய புத்தகக் கடையில் ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'டிரேட் டெஸ்ட்' என்ற சொல் கண்ணில் பட்டது. 1928-ஆம் ஆண்டு தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம் பற்றிய பக்கம் அது. நின்ற இடத்திலேயே படித்து முடித்தேன். சிங்காரவேலரை நான் சந்தித்தது அங்கேதான்.

நம்ம ஊர்த் தண்டவாளம்

விழுப்புரம் – காட்பாடி பாதை நமக்கெல்லாம் தெரியும். மீட்டர் கேஜ் போய் அகலப்பாதை வந்ததை நம் செட்டே கண்ணால் பார்த்தது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர், ரயிலில் வந்து திருவண்ணாமலையில் இறங்கினாரே, அதே பாதைதான். அப்போது அது தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பாதை.

அந்தக் கம்பெனி 1920-களின் பிற்பகுதியில் ஒரு பெரிய சீரமைப்பில் இறங்கியது. நாகப்பட்டினம், போத்தனூர் என்று ஆங்காங்கே இருந்த பட்டறை வேலைகளைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் ஒரே இடத்தில் குவிப்பது திட்டம். பொறியாளனாகப் பார்த்தால் தப்பே சொல்ல முடியாது. ஒரே கூரை, புதிய இயந்திரங்கள், குறைந்த செலவு. ஆனால் கணக்கின் அடுத்த வரியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் 'அதிகப்படி' என்று நின்றார்கள். யார் இருப்பது, யார் போவது? அதைத் தீர்மானிக்கக் கம்பெனி கொண்டு வந்ததுதான் தொழில் தேர்வு, அந்த டிரேட் டெஸ்ட். காலமெல்லாம் இரும்போடு பழகிய கைகளுக்குப் புதிதாக ஒரு பரீட்சை! ஆட்குறைப்புக்கு இது ஒரு சாக்கு என்று தொழிலாளர்கள் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் வீண்போகவில்லை.

1928 ஜூன் கடைசியில் பட்டறைகளில் தகராறு தொடங்கிக் கதவடைப்பு வரை போனது. ஜூலை 20-ஆம் தேதி வாக்கில் ரயில்வே முழுவதற்குமான வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. சில இடங்களில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். மாத இறுதிக்குள் வேலைநிறுத்தம் முடிந்துபோனது. சுமார் பத்து நாள்தான். பிறகு சதி வழக்கு. முகுந்தலால் சர்க்கார், சிங்காரவேலர் உள்ளிட்டோருக்குப் பத்தாண்டுக் கடுங்காவல். பெருமாள் என்ற தோழருக்கு ஆயுள் தண்டனை. அப்பீலில் தண்டனை குறைந்து, 1930-இல்தான் சிங்காரவேலர் வெளியே வந்தார்.

சிறைக்குப் போனபோது அவருக்கு வயது அறுபத்தெட்டு. நம் வீட்டில் அறுபத்தெட்டு வயதுப் பெரியவரை ரோட்டைத் தாண்டக்கூடத் தனியாக விட மாட்டோம்! இந்த மனிதர் ஏன் அங்கே போனார்? அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது.

கவுனை எரித்த வக்கீல்

வசதியான குடும்பம். கிறிஸ்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று படிப்பு. வாணிபமும் செய்தார். சட்டம் படித்து 1907-இல் உயர்நீதிமன்ற வக்கீலானபோது வயது நாற்பத்தேழு. கடற்கரைச் சாலையில் வீடு, வீடு நிறையப் புத்தகம். பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டு மகாபோதி சங்கப் பணிகளிலும் பங்கெடுத்தார். சும்மா இருந்திருந்தால் சுகமாக வாழ்ந்து முடித்திருக்கலாம்.

1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னின்ற சங்கம் அது. தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926-இல்தான். அதற்கு முன் சங்கம் வைத்ததற்காகவே ஆலை முதலாளிகள் தலைவர்கள் மீது வழக்குப் போட முடிந்தது. அப்படிப்பட்ட காலத்தில் சிங்காரவேலர் தொழிலாளர் பக்கம் வந்தார். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, வக்கீல் கவுனை நெருப்பில் போட்டு, நீதிமன்றத்துக்கு முழுக்குப் போட்டார். அப்போது வயது அறுபத்தொன்று. பலர் பென்ஷன் பாரம் நிரப்பும் வயதில் இவர் பொதுவாழ்க்கையை ஆரம்பிக்கிறார்!

1922 டிசம்பரில் கயாவில் காங்கிரஸ் மாநாடு. அந்தப் பந்தலில் எழுந்து நின்று, 'தோழர்களே' என்று விளித்து, தம்மைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு தொழிலாளர்களுக்காகப் பேசினார். 1923 மே 1-ஆம் தேதி சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அன்றைக்கே 'லேபர் கிசான் பார்ட்டி ஆஃப் இந்துஸ்தான்' என்ற கட்சியையும் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை, தமிழில் 'தொழிலாளன்' என்று ஒரு பத்திரிகை. 1924-இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உடல்நலக் குறைவால் மற்றவர்களோடு அவரை விசாரிக்கவில்லை. ஆனால் பயந்து ஒதுங்கிவிட்டாரா? 1925 டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்கு அவர்தான் தலைமை தாங்கினார்.

இனி கணக்குக்கு வருவோம்.

வரவுப் பக்கம்

முதலாவது, தூரத்தில் வருவதை முன்கூட்டியே பார்க்கும் கண். 1922-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு தொழிலாளி நாளைக்குப் பதினொரு மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரம் வரை வேலை செய்யலாம். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையில் பிறந்த மே தினத்தை அதற்கு அடுத்த வருஷமே சென்னை மணலில் நட்டவர் இவர். வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற வரம்பு சட்டமாக வர 1946 ஆயிற்று, அவர் கண்மூடிய வருஷம். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியது. அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த நாள் எது தெரியுமா? மே 1. அந்த நாளுக்கு அவ்வளவு எடை இருந்ததென்றால், முதல் செங்கல் வைத்தவரை எப்படி மறப்பது?

இரண்டாவது, சொந்தமாக யோசிக்கும் தைரியம். காந்தியடிகளிடம் மரியாதை உண்டு. ஆனால் தொழிலாளர் பிரச்சினையில் வெளிப்படையாகக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார். ரஷ்யப் புரட்சியிடம் மதிப்பு உண்டு. ஆனால் கான்பூர் தலைமையுரையில் இந்தியக் கம்யூனிசம் வேறு, போல்ஷ்விசம் வேறு, போல்ஷ்விசம் என்பது ரஷ்யர்கள் தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட வடிவம் என்றே பேசினார். வெளிநாட்டிலிருந்த எம்.என். ராய் இவருடைய கட்சி அறிக்கையில் குறை கண்டார். அதற்காக இவர் யாருக்கும் காப்பியடித்துக் கொடுக்கவில்லை.

மூன்றாவது, அறிவியலைத் தமிழில் கொண்டுவந்தது. சிறையிலிருந்து வந்த பிறகு, 1930-களின் முற்பகுதியில் பெரியாரின் 'குடி அரசு' ஏட்டில் தொடர்ந்து எழுதினார். 1935-இல் 'புது உலகம்' என்ற மாத இதழையும் நடத்தினார். பிரபஞ்சம் எப்படி இயங்குகிறது, உயிர்கள் எப்படித் தோன்றின, மூடநம்பிக்கை ஏன் பிழைத்திருக்கிறது என்றெல்லாம் அவர் எழுதியது கல்லூரி வாசலை மிதிக்காதவர்களுக்காக. இங்கிலீஷில் கரைகண்ட ஒருவர் எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து தமிழில் விஞ்ஞானம் எழுதினார் என்பதை, அசைன்மென்ட்டுக்கு இன்டர்நெட்டில் தேடி ஒட்டிய நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான்காவது, விலை கொடுத்தது. தொழில், சொத்தின் சுகம், உடல்நலம் என்று எல்லாவற்றையும் பணயம் வைத்தார். 'போராடுங்கள்' என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தாம் வீட்டில் இருக்கவில்லை. தொழிலாளி சிறைக்குப் போனபோது இவரும் போனார்.

செலவுப் பக்கம்

இங்கேதான் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். பெரியவரைக் குறை சொல்வதா என்ற தயக்கம். ஆனால் குறையைச் சொல்லாத மதிப்பீடு பொய் டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி. அதை நம்பி மேலே பாரம் ஏற்றுபவன்தான் கடைசியில் விழுவான்.

முதல் குறை, அமைப்பு. அவருடைய கட்சி அறிக்கையில் இருந்த அளவுக்கு ஊரில் இல்லை. சில ஆண்டுகளிலேயே அது மங்கிப்போனது. 1930-களில் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சியைக் கட்டியவர்கள் வேறு வழியாக வந்தார்கள். அமீர் ஹைதர் கான் தலைமறைவாக வந்து இளைஞர்களைத் திரட்டினார். பிறகு சுந்தரய்யா, காட்டே ஆகியோரின் முயற்சியில் ஜீவா, பி. ராமமூர்த்தி போன்றோர் உள்ளே வந்தார்கள். இவர்களெல்லாம் சிங்காரவேலரை மதித்தார்கள். ஆனால் அவருடைய கட்சிப் பட்டறையில் தயாராகி வந்தவர்கள் அல்லர். டிராயிங் பிரமாதம், பட்டறைதான் இல்லை!

ரயில்வே வேலைநிறுத்தத்தில் இந்தக் குறை பளிச்சென்று தெரிந்தது. எதிரே கம்பெனியும், அதன் பின்னால் பிரிட்டிஷ் அரசும், போலீஸும், நீதிமன்றமும். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் நியாயமான கோபம். தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்ததும் போராட்டம் தளர்ந்தது. முதல் வரிசை போனால் நிற்க இரண்டாவது வரிசை, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க நிதி, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் செய்தி கொண்டுபோக ஆள்... இதெல்லாம் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் செய்ய வேண்டிய வேலை. அந்த அடித்தளம் போதவில்லை. தலைவர்கள் மட்டுமா விலை கொடுத்தார்கள்? வேலை இழந்த தொழிலாளி குடும்பங்களும் கொடுத்தன. அவர்களுக்கு வரலாற்றில் பெயர்கூட இல்லை. பத்து நாளில் முடிந்ததற்குச் சிங்காரவேலர் ஒருவரையே பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் தலைமை என்று வந்துவிட்டால் இந்தக் கேள்வி வராமல் போகாது.

இரண்டாவது குறை, சாதி பற்றிய கணக்கு. கான்பூர் தலைமையுரையில் தீண்டாமை அடிப்படையில் ஒரு பொருளாதாரப் பிரச்சினை, பொருளாதார அடிமைத்தனம் தீர்ந்தால் தீண்டாமையும் மறைந்துவிடும் என்ற கருத்தை அவர் சொன்னார். இதை அவர் சொன்னது 1925-இல். அதற்கு நாலு வருஷம் முன்புதான், 1921-இல், சென்னை பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் இரண்டாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே ஆலை, ஒரே முதலாளி. ஆனாலும் கூலி அவர்களை ஒன்று சேர்க்கவில்லை. தொழிலாளர் போராட்டங்களில் நின்ற சிங்காரவேலர் இதை அறியாதவரா? கண்ணெதிரே கிடைத்த அளவீட்டைவிடச் சூத்திரத்தை அதிகம் நம்பிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. லேபில் ரீடிங் ஒத்து வராவிட்டால் ரீடிங்கை அடித்துத் திருத்திய பழக்கம் நமக்கும் உண்டு என்பதால் சொல்கிறேன்! 1930-களில் சுயமரியாதை இயக்கத்தோடு சேர்ந்து சாதியையும் மூடநம்பிக்கையையும் அவர் கடுமையாகச் சாடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்த அளவுக்குக் கணக்கைத் திருத்திக்கொண்டார்.

மூன்றாவது குறை, கிராமம். கட்சிப் பெயரில் 'கிசான்' இருந்தார், அதாவது விவசாயி. ஆனால் அவருடைய வேலை பெரும்பாலும் சென்னை ஆலைகளையும் ரயில்வேயையும் சுற்றியே நடந்தது. நம் வட ஆற்காடு மாதிரி ஏரிப் பாசனத்தையும் மானாவாரி மணிலாவையும் நம்பிய பகுதிகளில் குத்தகைக்காரரும் கூலியாளும் என்ன பாடுபட்டார்கள்? அந்தக் கதவை அவர் தட்டியதாகத் தெரியவில்லை. தஞ்சைப் பகுதியில் பண்ணையாட்களைத் திரட்டும் வேலை 1940-களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் வந்த பிறகுதான் வேகம் பிடித்தது.

இரவல் வீடு

இந்த வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அவருடைய பலமும் பலவீனமும் தனித்தனி அல்ல. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

சிங்காரவேலர் எந்தச் சபையிலும் எழுந்து நின்று தம் கருத்தைச் சொல்லக்கூடியவர். காங்கிரஸ் பந்தலில் தொழிலாளியைப் பற்றிப் பேசினார். சுயமரியாதை இயக்கத்துக்குச் சமதர்மத்தைக் கொண்டுபோனார். பெரியார் சோவியத் நாட்டையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். அடுத்த மாதமே ஈரோட்டில் கூடி விவாதித்த சமதர்மத் திட்டத்தை வகுத்ததில் சிங்காரவேலருக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் விளக்கேற்றி வைத்தார். ஆனால் அவையெல்லாம் இரவல் வீடுகள். வீட்டுக்காரர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார், வேண்டாதபோது கதவைச் சாத்தினார். காங்கிரஸ் தொழிலாளர் பற்றித் தீர்மானம் போட்டது, அதைத் தாண்டி அவர் விரும்பிய தூரத்துக்கு வரவில்லை. 1934-இல் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. அடக்குமுறை இறுகியபோது, சமூகச் சீர்திருத்தப் பணியாவது பிழைக்கட்டும் என்று பெரியார் சமதர்மப் பிரசாரத்தைக் குறைத்துக்கொண்டார். சிங்காரவேலர் அதை விமர்சித்தார். இடைவெளி விழுந்தது. அப்போது திரும்பிப் போகத் தமக்கென்று ஒரு வீடு அவருக்கு இல்லை.

தனியாக நின்றதால்தான் யாருக்கும் கட்டுப்படாமல் யோசிக்க முடிந்தது. தனியாக நின்றதால்தான் யோசித்ததை நிலைநிறுத்த ஆள்கட்டு இல்லாமல் போனது. சுதந்திரமான மூளையும் வேண்டும், பொறுமையாகக் கட்டும் கையும் வேண்டும். இரண்டும் ஒருவரிடமே அமைவது அபூர்வம். அவரிடம் முதலாவது அளவுக்கு மீறி இருந்தது, இரண்டாவது குறைவு. இதுதான் என் கணக்கு.

கேள்வித்தாளில் இல்லாத கேள்வி

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்க வேண்டும். ஆனால் எழுதி வைத்துவிட்டு மறுநாள் படித்தபோது செங்கம்காரர் ஞாபகத்துக்கு வந்தார். நான் மறுபடியும் ஒருவருக்குப் பரீட்சை வைத்து மார்க் போட்டுவிட்டேனே! சிங்காரவேலரும் என்னைப் பார்த்து, "உங்க பேப்பர்ல அந்தக் கேள்வி இல்லியே" என்று கேட்டால்?

அந்தக் கேள்வி எதுவாக இருக்கும் என்று யோசித்தேன். அவர் 1945-இல், எண்பத்தைந்து வயதில், சென்னையில் அச்சகத் தொழிலாளர்கள் கூட்டத்துக்கு வந்து பேசினார். இருபத்தைந்து வருஷத்தில் கட்சி மங்கி, வேலைநிறுத்தம் தோற்று, சிறை போய், நண்பர்கள் பிரிந்த பிறகும் தொழிலாளி கூப்பிட்டால் போகவேண்டும் என்பதில் அந்த மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை. இதை எந்தப் பத்தியில் வரவு வைப்பது? 'அமைப்புத் திறன்: குறைவு' என்று நான் போட்ட மார்க் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு மார்க்கை வைத்து ஆளைப் பட்டியலின் அடியில் தள்ளினால், நான் தொழிற்சாலையில் செய்த அதே தப்பைத்தான் மறுபடி செய்கிறேன்.

தொழிற்சாலையில் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். வீரமாக ஒன்றும் செய்யவில்லை. அந்த இருபத்தாறு பேரில் ஒருவரையும் என்னால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. என் கையெழுத்து அந்தத் தாளில் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த முறை தேர்வு நடத்தச் சொன்னபோது இரண்டு காரியம் செய்தேன். இந்த மதிப்பெண் எதற்குப் பயன்படும் என்று எழுத்தில் கேட்டேன். வந்த பதிலைத் தொழிலாளர்கள் பார்க்கும்படி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். பாதி மார்க்கை இயந்திரத்தின் முன்னால் நிற்கவைத்துக் கொடுத்தேன். சத்தத்தை வைத்து டூல் தேய்மானம் கண்டுபிடிப்பதற்குப் பத்து மார்க். மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை, பிறகு நானும் அங்கே நீடிக்கவில்லை. இது புரட்சி இல்லை. அறுபத்தெட்டு வயதில் சிறைக்குப் போனவர் பெயரைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய காரியமும் இல்லை. ஆனால் அவரைப் படிக்காமல் இருந்திருந்தால் இதைக்கூடச் செய்திருப்பேனா என்பது சந்தேகமே.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போவீர்கள். ஏதோ ஒரு நாள் உங்கள் மேஜைக்கும் ஒரு பட்டியல் வரும். எக்செல் ஷீட்டில் வரலாம், வேறு ஏதாவது புதிய பெயரிலும் வரலாம். 1928-இல் அதன் பெயர் டிரேட் டெஸ்ட். கையெழுத்துப் போடுவதற்கு முன் அது எதற்கு என்று கேளுங்கள். தனியாகக் கேட்காதீர்கள், நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். சிங்காரவேலரின் பலத்திலிருந்து முதல் பாடத்தையும், பலவீனத்திலிருந்து இரண்டாவது பாடத்தையும் நான் எடுத்துக்கொண்டேன்.

சென்னைக்குப் போனால் ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தைப் பாருங்கள். அந்தக் கட்டிடத்துக்குச் சிங்காரவேலர் மாளிகை என்று பெயர். பல தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், யார் அந்தச் சிங்காரவேலர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

சங்கமத்தில் சந்திப்போம். கேன்டீன் டீ மட்டும் பழைய ருசியிலேயே இருக்கட்டும்!

(கட்டுரையாளர்: இயந்திரப் பொறியியல் துறை, 2008–2012 ஆண்டு மாணவர்)